பொதுஜன அபிப்பிராயமும் குடவோலையும்

ஓட்டுகளை எண்ணு முன்பே முடிவைக் கூறிவிடும் ஜோசியர்கள் நமது தேசத்தில் பெருகிவிட்டனர். முன்பு பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். இப்பொழுது புள்ளி விவரங்களைப் புரட்டுகிறார்கள். 2004-ல் வாஜ்பாய் மந்திரி சபையே மீண்டும் அமையுமென்று இவர்களில் பெரும்பாலோர் சாதித்தனர்; ஜனங்கள் வேறு தீர்ப்பளித்தனர். 2024 ஜூன் 1-ந் தேதி மாலை, ஆளும் கூட்டணிக்கு 350 ஸ்தானங்களுக்கு மேல் நிச்சயம் என்று பல கணிப்புகள் முழங்கின. எண்ணிக்கை முடிந்தபோது கிடைத்தவை 293. அதற்குள் பங்குச் சந்தை ஜூன் 3-ல் தாவி ஏறி, மறுநாளே தலைகுப்புற விழுந்தது. ஆகவே, இதை வெறும் வேடிக்கையென்று தள்ளிவிடுவதற்கில்லை.

அப்படியானால் ஜனங்களின் கருத்தை அறியும் ஆராய்ச்சியே வீண் என்று சொல்லலாமா? அவ்வாறு சொல்வது பெரும் தவறாகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் கையாளும் சாஸ்திரம். ஆனால் மேலாக மிதக்கும் சோற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பவர் ஏமாந்து போவார். அடிவரை கிளறி எடுக்க வேண்டும் என்பதே இதன் ரகசியம்.

அமெரிக்கர்கள் இந்தப் பாடத்தைப் பெருநஷ்டம் அடைந்து கற்றார்கள். 1936-ல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்றது. லாண்டன் வெல்வார், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐக் கைப்பற்றினார். பத்திரிகையும் இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. காரணம் என்ன? டெலிபோன், மோட்டார் வண்டி வைத்திருந்தோரின் ஜாபிதாக்களிலிருந்தே பெரும்பாலான விலாசங்கள் எடுக்கப்பட்டன. பஞ்ச காலத்தில் வேலையின்றித் தவித்த ஏழைக்கு டெலிபோன் ஏது? பதில் எழுதியவர்களோ அவர்களுள்ளும் ஒரு பகுதியினர். அதே தேர்தலில் மிகக் குறைந்த பேரையே வினவிய காலப் என்பவர், பல வகுப்பினரையும் கலந்து கேட்டமையால் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார்.

அதே காலப் 1948-ல் சறுக்கினார். இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை வயதினர் என்று கணக்கிட்டுக் கொடுத்து, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதை ஊழியர்களின் இஷ்டத்துக்கு அவரும் அவரைப் போன்றோரும் விட்டுவிட்டனர். ஊழியர்கள் தங்களுக்கு எளிதில் அகப்பட்டவர்களையே நாடினர். மேலும், தேர்தலுக்குப் பல நாட்கள் முன்பே வினவுவதை நிறுத்திவிட்டனர். தோற்பார் என்று கூறப்பட்ட ட்ரூமன் வென்றார். இதன் பிறகே, ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மனிதனின் விருப்பு வெறுப்புக்கு இடமிருத்தல் ஆகாது, சீட்டுக் குலுக்குவதுபோல் அது நடைபெற வேண்டும் என்ற முறை அங்கு வேரூன்றியது.

ஆராய்ச்சியின் உண்மையான பயன் யார் ஜெயிப்பார் என்று சொல்வதன்று. மிச்சிகன் சர்வகலாசாலையார் 1948 முதல் ஜனாதிபதித் தேர்தல் தோறும் ஓட்டர்களை விரிவாக விசாரித்து வந்திருக்கின்றனர். பெரும்பாலோர் கொள்கைகளை நிறுத்துப் பார்த்து ஓட்டளிப்பதில்லை. குடும்பத்தில் வழிவழியாக வந்த கட்சிப் பற்றே அவர்களை நடத்துகிறது என்று 1960-ல் அவர்கள் எடுத்துக் காட்டினர். சர்க்கார் நியாயமாக நடக்குமென்று நம்புகிறீர்களா என்ற கேள்வியை 1958 முதல் கேட்டு வருகின்றனர். அன்று நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் பெரும்பாலும் நம்புவதாகக் கூறினர். 2007-க்குப் பிந்திய ஆண்டுகளில் இதே கேள்விக்கு அப்படிக் கூறுவோர் நூற்றுக்கு 30 பேரைத் தாண்டவில்லை. ஒரே கேள்வியை இரண்டு தலைமுறைக் காலம் விடாமல் கேட்டதனாலன்றோ ஒரு ஜனநாயகத்தின் உள்நோய் வெளிப்பட்டது!

சீட்டுக் குலுக்கும் நேர்மையை நாம் அமெரிக்கரிடம் கற்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இன்றும் உள்ளன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் அனைவரும் காண அதைத் தூக்கிக் காட்டினர். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறு ஓலை மறைத்திருக்கலாகாது அல்லவா? பிறகு பெயரை உரக்கப் படித்தார்கள். கணக்குக் காட்டாத பழைய வாரியத்தாருக்கும் அவருடைய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை.

இதைப் பெருமையோடு கூறும் நாம் மற்றொன்றையும் மறைக்கலாகாது. குடத்தில் ஓலை ஏறுவதற்கு, வரி செலுத்தும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. அது பிராமண சபை. பெண்களும், ஏர் பிடித்த உழவரும், சேரியில் வாழ்ந்தோரும் குடத்துக்கு வெளியே நின்றனர். சிறுவன் எவ்வளவு நேர்மையாக எடுத்தாலும், போடாத பெயர் வெளிவராது. லிட்டரரி டைஜஸ்டின் டெலிபோன் ஜாபிதாவுக்கு நேர்ந்த கதியும் இதுவே.

1951-52 தேர்தலில் வயது வந்தோர் அனைவர் பெயரையும் நமது குடியரசு குடத்தில் போட்டது. கருத்துக் கணிப்பாளர்கள் சிலர் அவற்றை மீண்டும் வெளியே எடுத்தெறியப் பார்க்கிறார்கள். உத்திரமேரூர் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் நின்று நூறு ஆண்களை வினவுவது எளிது. அந்நேரம் ஏரிப் பாசன வயலில் நாற்று நடும் பெண்ணை யார் கேட்பது? கூலி கொடுக்கும் மிராசுதாரர் அருகில் நிற்கையில், கூலியாள் மனம் விட்டுப் பேசுவானா? டெலிபோனில் கேட்டால் போதுமென்பாருக்கு அமெரிக்காவின் கதியே விடை: 1997-ல் நூற்றுக்கு 36 பேர் பதில் தந்த டெலிபோன் விசாரணைக்கு, 2018-ல் 6 பேரே பதில் தந்தனர் என்று பியூ ஆராய்ச்சி ஸ்தாபனம் தெரிவித்தது.

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவி, 1950-ல் தேசிய மாதிரி விசாரணையைத் தோற்றுவித்தபோது உலகமே வியந்து நோக்கியது. 1963-ல் ரஜனி கோத்தாரி டில்லியில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தார் 1967 முதல் தேர்தல் ஆராய்ச்சி நடத்தி வந்திருக்கின்றனர். ஓட்டர் ஜாபிதாவிலிருந்து குலுக்கி எடுத்த பெயருக்குரியவரின் வீட்டையே தேடிச் சென்று வினவும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். அமெரிக்காவில் ஏழைகளே ஓட்டுச் சாவடிக்கு அதிகமாக வராதவர்கள். இந்தியாவில் ஏழைகளும் தாழ்த்தப்பட்டோரும் வசதி படைத்தோருக்குக் குறையாமல் வருகிறார்கள் என்ற உண்மை இத்தகைய உழைப்பால் துலங்கியது.

ஓட்டுப் பதிவு முடியும்வரை வாக்குச்சாவடிக் கணிப்பை வெளியிடலாகாது என்று 2009-ல் சட்டம் திருத்தப்பட்டது. இது கணிப்பு வெளிவரும் நேரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதன் தரத்தைக் கட்டுப்படுத்தவில்லை. எத்தனை பேரைக் கேட்டீர்கள், எந்த ஜாபிதாவிலிருந்து எடுத்தீர்கள், பெண்கள் எத்தனை, கிராமத்தார் எத்தனை, பதில் கூற மறுத்தோர் எத்தனை, செலவு யாருடையது என்ற ஆறு கேள்விகளுக்கும் விடை கூறாத கணிப்பைப் பத்திரிகைகள் அச்சிடக் கூடாது. தொண்டர்களும் அதைக் காட்டி ஓட்டுக் கேட்கக் கூடாது. கட்சிக்குச் சாதகமான கணிப்பென்றால் இக்கேள்விகளை மறந்துவிடும் வழக்கம் எல்லாக் கட்சியாரிடமும் இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலிடாதே என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரார் கல்லில் வெட்டி வைத்தனர். ஜனங்களின் பெயரால் பேச முன்வரும் கணிப்பாளர்களும் முதலில் தங்கள் கணக்கைச் சபையில் வைக்கட்டும். விரித்த கையோடு வரட்டும்.