ஊக்கமில்லாத பிள்ளை என்று யாருமில்லை

பி.எட். வகுப்பில் ஒப்படைப்பாக வரும். பள்ளி நேர்காணலில் முதல் கேள்வியாக வரும். “மாணவர்களைப் படிக்க எப்படி ஊக்கப்படுத்துவீர்கள்? ஆசிரியராக உங்கள் தத்துவம் என்ன?” பதில்களும் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் இருக்கும். அன்பாகப் பேசுவேன், பாராட்டுவேன், பரிசு கொடுப்பேன், சாதித்தவர்களின் கதையைச் சொல்வேன், கனவு காணச் சொல்வேன். எதிலும் தவறில்லை. ஆனால் இந்தப் பதில்கள் அத்தனைக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஊக்கம் ஆசிரியரிடம் குடம் குடமாக இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. இவர் ஊற்ற வேண்டும், அது நிரம்ப வேண்டும்.

தோழர்களே, இந்த நம்பிக்கையைத்தான் நாம் உடைக்க வேண்டும். சேரியிலிருந்து வரும் பிள்ளை ஊக்கமில்லாமல் பள்ளிக்கு வருவதில்லை. ஊக்கத்தோடு வருகிறது, பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறது. பறிக்கும் இடமே ஆண்டுக்கொரு முறை ஆளை வரவழைத்து, மைக் வைத்து, ‘தன்னம்பிக்கை உரை’யும் நடத்துகிறது.

பத்து வருடமாகக் காலனிகளில் வேலை செய்கிறேன். ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே படிப்பை வெறுத்த ஒரு குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை. புதுப் பையை இரவில் தலைமாட்டில் வைத்துத் தூங்கும். வீட்டுச் சுவரெல்லாம் ‘அ’ எழுதும். அதே குழந்தை ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. இடைப்பட்ட ஆறு வருடத்தில் என்ன நடந்தது? இந்தக் கேள்வியை ஆசிரியர் அறையில் கேட்டுப்பாருங்கள். “அவனுக்குப் படிப்பு ஏறாதுங்க.” “ஸ்காலர்ஷிப்புக்காகத்தான் வருதுங்க.” “அப்பா அம்மாவுக்கே அக்கறையில்ல, நாம என்ன பண்றது?” பிள்ளை, பெற்றோர், தெரு என்று வரிசையாகக் குற்றவாளிகளைச் சொல்வார்கள். பிள்ளை அந்த ஆறு வருடமும் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் பெயர் மட்டும் அந்த வரிசையில் வராது.

அந்தக் கட்டடத்துக்குள் நடப்பது ஒன்றும் ரகசியமல்ல. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். செய்தியானது அந்த ஒரு பள்ளி. செய்தியாகாமல் விளக்குமாறு எடுக்கும் கைகளை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். வகுப்பு நடக்கும்போது வாசலில் நின்று “எஸ்.சி. பசங்கெல்லாம் எழுந்திருங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்” என்று கூப்பிடும் குரலைக் கேட்காமல் நம்மில் எத்தனை பேர் பள்ளியை முடித்தோம்? உரிமையாக வர வேண்டிய பணம், நாற்பது பேர் பார்க்க எழுந்து நிற்கும் தண்டனையாக நமக்கு வந்து சேர்ந்தது.

இது மனசுக்குள் மட்டும் வலிக்கிற சங்கதி என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமப்புறத்தில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் நடத்தியது. தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர், உயர்த்திக்கொண்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சரியாக முடித்தால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் படித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் மதிப்பெண் கணிசமாகச் சரிந்தது. அதே வயது, அதே புதிர், அதே காசு. மாறியது ஒன்றே ஒன்றுதான்: சாதி உரக்கச் சொல்லப்பட்டது.

இப்போது வாசலில் நின்று பட்டியல் படிக்கும் அந்தக் குரலை நினைத்துப்பாருங்கள். ஒரு முறை சொன்னதற்கே இந்தச் சரிவு என்றால், பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தால்? பிறகு அந்தப் பிள்ளையை அழைத்து ‘உன்னால் முடியும்’ என்று சொல்வது, காலைக் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டப்பந்தயத்தில் கை தட்டுவது போன்றது.

பள்ளிக்கு வராத பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். வராத பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவது எளிது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவர் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் என்று பள்ளியில் விசாரித்தபோதுதான், உடன் படித்த ஆதிக்கசாதி மாணவர்கள் கொடுத்த தொல்லை வெளியே வந்தது. புகார் சொன்னதற்குப் பதிலாக இரவில் வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். பல மாதச் சிகிச்சைக்கு நடுவில் அதே மாணவர் பொதுத்தேர்வு எழுதி 600க்கு 469 எடுத்தார். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தவருக்கு அவர் அக்கறையில்லாத மாணவர். ஏன் வரவில்லை என்று கேட்டவருக்குத்தான் உண்மை தெரிந்தது. ஒரு வகுப்பில் ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய ஊக்கப்படுத்தல் அந்த ஒரு கேள்விதான். பதில் வந்த பிறகு அந்தப் பிள்ளையைக் காப்பது பள்ளியின் கடமை, அரசின் கடமை. அதில்தான் தோற்றோம்.

நமக்குக் கல்வித் தாகம் குறைவு என்பவர்களுக்கு வரலாறும் தெரியாது. 1848இல் புனேயில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பள்ளி தொடங்கியபோது, பாடம் நடத்தப் போகும் சாவித்திரிபாய் மீது சாணியை எறிந்தார்கள். கறைபட்ட சேலையை மாற்றிக்கொள்ள இன்னொரு சேலையோடு போனார். சில வருடங்களில், 1855இல், அவர்களிடம் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, தன் மக்கள் படும் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். அது ‘ஞானோதயா’ இதழில் அச்சேறியது. நம் சென்னையில் 1894இல் ஆல்காட் பஞ்சமர்களுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கதவு திறந்த இடத்திலெல்லாம் நம் பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள். பூட்டியிருந்த கதவைக் காட்டி ‘இவர்களுக்கு உள்ளே வர விருப்பமில்லை’ என்று சொல்வதுதான் மோசடி.

தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்து வந்தது எது? 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் போட்ட சோறு. 1956இல் காமராசர் விரித்த மதிய உணவு. 1982இன் சத்துணவு. 2022இன் காலை உணவு. பசித்த வயிற்றுக்கு யாரும் தன்னம்பிக்கை உரை நிகழ்த்தவில்லை, சோறு போட்டார்கள். அந்தச் சோற்றிலும் சாதி வந்து விழுந்ததையும் மறக்கக் கூடாது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகவே ஆதிக்கசாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். தன் தெருப் பெண்மணி சமைத்த சோறு தீட்டு என்று ஊரே திரண்டு சொல்வதைப் பார்த்த ஒரு தலித் குழந்தை, மறுநாள் வாய்ப்பாட்டை உற்சாகமாக ஒப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்து நம் பக்கம் வருகிறேன். நம் இரவுப் பாடசாலைகளிலும் மாலை வகுப்புகளிலும் ஒரு வசனம் அடிக்கடி கேட்கிறது: “அண்ணல் எவ்வளவு கஷ்டத்திலும் படித்தார், உனக்கென்ன கேடு?” அம்பேத்கரைப் பிரம்பாக்கி நம் பிள்ளைகளையே அடிக்கிறோம். அவர் சத்தாராவில் கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்து படித்தார் என்பது உண்மை. பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் என்பது உண்மை. ஆனால் அதை அவரே எழுதி வைத்தது, ‘பார், நான் தாங்கினேன், நீயும் தாங்கு’ என்று சொல்வதற்கா? எவரும் இனி இப்படி உட்காரக் கூடாது என்பதற்காக அல்லவா? அவருடைய வெற்றிக்குப் பின்னால் மன உறுதி மட்டும் இருந்ததாகச் சொல்வதும் அரைக் கதை. மெட்ரிக் தேறிய பையனுக்குத் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்த கேளுஸ்கர் என்ற ஆசிரியர் இருந்தார். 1913இல் கொலம்பியாவுக்கு அனுப்பிய பரோடா மன்னரின் உதவித்தொகை இருந்தது. புத்தகம், பணம், பரிந்து பேச ஒரு பெரியவர். இந்த மூன்றையும் கொடுக்காமல் கஷ்டத்தை மட்டும் முன்னுதாரணமாகக் காட்டுவது அயோக்கியத்தனம்.

அவர் விட்டுச் சென்ற முழக்கத்தின் முதல் சொல்லையும் கொஞ்சம் நின்று படியுங்கள். தமிழில் நாம் அதைக் ‘கல்’ என்று சொல்லவில்லை, ‘கற்பி’ என்கிறோம். அது படிக்கிற பிள்ளைக்கு இட்ட கட்டளை அல்ல, கற்பிக்க வேண்டிய நமக்கு இட்டது.

அப்படியானால் ஓர் ஆசிரியரின் தத்துவம் என்று எதை எழுதுவது? முதலில், எதைச் செய்ய மாட்டேன் என்பதை எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் கையிலும் விளக்குமாறு கொடுக்க மாட்டேன். சாதியையோ தெருவையோ சொல்லி அழைக்க மாட்டேன். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்க மாட்டேன், தனியே அழைத்துச் சொல்வேன். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இதைப் போன்ற பரிந்துரைகள் இருக்கின்றன. அகர வரிசைப்படி உட்கார வைப்பது, கையில் சாதிக் கயிறு கட்டத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது எல்லாம் அதில் உண்டு. அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் நாளைக் காலையே தொடங்கக்கூடியவை இவற்றில் பல. அடிக்க மாட்டேன் என்பதை எழுதத் தேவையில்லை. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவே சொல்லிவிட்டது.

இரண்டாவது, அந்தத் தெருவுக்குப் போங்கள். கணக்கெடுப்புக்கு வாசலில் நின்று கையெழுத்து வாங்கிப் போவதைச் சொல்லவில்லை. உள்ளே உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடிக்கிறீர்களா இல்லையா என்று அந்த வீட்டுப் பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நடத்தப்போகும் பாடத்தை நம்பலாமா வேண்டாமா என்று அது அங்கேதான் முடிவு செய்கிறது.

மூன்றாவது, பாடத்தை முழுசாக நடத்துங்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போட்டு, நாலு பக்கக் கையேட்டைக் கொடுத்து, “இதை மட்டும் படி, பாஸாகிவிடலாம்” என்கிறார்கள். தேர்ச்சி விழுக்காட்டுக்கு அது உதவும். அந்தப் பட்டியலில் யார் பெயர்கள் இருக்கின்றன என்று எடுத்துப்பாருங்கள், அவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்றும் பாருங்கள். ‘உனக்கு இவ்வளவு போதும்’ என்பதை மனு கடுமையான மொழியில் சொன்னார், நாம் கனிவான மொழியில் சொல்கிறோம். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

நான்காவது, பொய் சொல்லாதீர்கள். ‘நன்றாகப் படி, எல்லாம் மாறிவிடும்’ என்பது பாதிப் பொய். அரியலூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தார். அவரிடம் ஊக்கம் குறைந்திருந்ததா? அவர் படித்து முடிக்கும் நேரத்தில் நுழைவாயிலையே நீட் என்று மாற்றி வைத்தார்கள். 2017 செப்டம்பரில் அவரை இழந்தோம். பிள்ளைகளிடம் கதவுகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். தோல்வி வரும்போது ‘நான் லாயக்கில்லை’ என்று தனக்குள் நொறுங்காமல், ‘இது அநியாயம், எதிர்த்து நிற்போம்’ என்று நம்மிடம் வந்து பேசும் பிள்ளை வேண்டும் நமக்கு. உண்மை தெரிந்தால் பிள்ளை சோர்ந்துவிடும் என்பார்கள். காரணம் தெரியாத தோல்விதான் ஆளைத் தின்னும்.

“எல்லாப் பழியையும் ஆசிரியர் மேலேயே போடுகிறீர்களே” என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களில் பலர் நல்லவர்கள். சொந்தச் சம்பளத்தில் நோட்டு வாங்கித் தருகிறார்கள், கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் கைக்கு நன்றி. ஆனால் அதே நல்லவர், ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் “அந்தத் தெருப் பசங்க” என்று தொடங்கும்போது டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். நோட்டை விடப் பெரிய உதவி, அங்கே “அப்படிப் பேசாதீங்க சார்” என்று ஒரு வரி சொல்வது. செலவே இல்லாத உதவிதான், ஆனால் விலை அதிகம் என்பது எனக்குத் தெரியும். இடமாற்றம் வரலாம், தனிமைப்படுத்தலாம். அதனால்தான் ஆசிரியர் சங்கங்களிடமும் கேட்கிறோம். ஊதியத்துக்குத் திரளும் நீங்கள், இதற்காக ஒரு முறை திரளுங்கள்.

பி.எட். படிக்கும் தோழரே, ஒப்படைப்பில் எழுதவேண்டிய பதில் இதுதான்: “நான் ஊக்கத்தை ஊற்றப் போவதில்லை. பிள்ளை கொண்டுவரும் ஊக்கத்தை இந்தப் பள்ளியில் யாரும் பறிக்க விடமாட்டேன், நான் உட்பட.” மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை. மாலை வகுப்பு நடத்தும் தோழர்களே, இன்று வராத பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் அந்த வீடுகளுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கும்வரை இருங்கள்.