டிசம்பர் 31 வரை மட்டும் ஒரு கெபுன்

கீரை விதைக்கும் முன் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ்க் காலண்டரைப் பார்ப்பேன். அத்தை நல்ல நாள் பார்க்கிறார் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். அமாவாசை என்றைக்கு, பௌர்ணமி என்றைக்கு, அதுதான் தெரிய வேண்டும்.

சிலாங்கூரில் மேருவுக்கும் காப்பாருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கெபுன், அதாவது காய்கறித் தோட்டம், தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. பாத்தியில் விழும் மழை எங்கள் கான் என்னும் சிறு வடிகாலில் இறங்கி, பாரிட் என்னும் பெரிய கால்வாயில் சேர்ந்து, கடலோரத்து மதகைத் தாண்டித்தான் மலாக்கா நீரிணைக்குப் போக வேண்டும். கடல் வற்றும்போது மதகு திறக்கும், ஏறும்போது மூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் ஏற்றம் அதிகம். கிள்ளான் துறைமுகத்தில் 5 மீட்டரைத் தொட்டுவிடும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் தண்ணீர் எங்கே போகும்? பாத்தியிலேயே நிற்கும். முளைக்கீரை ஒரு நாள் தாங்கும். மறுநாள் வேர் அழுகி நாறத் தொடங்கிவிடும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தேதிகளை எடுத்துப் பாருங்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மழை பெய்தது 2021 டிசம்பர் 17, 18. பௌர்ணமி 19ஆம் தேதி. 2025இல் மேரு, ஷா ஆலாம் பக்கம் வெள்ளம் வந்தது ஏப்ரல் 11ஆம் தேதி, பங்குனி உத்திரத்தன்று. அதற்கடுத்த ஓரிரு நாளில் பௌர்ணமி. அப்படிப் பெய்த மழைக்கு எந்த நாளாக இருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கடல் ஏறி நிற்கும் நாளில் வந்த வெள்ளம் சீக்கிரம் வடியாது. கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் இங்கே பூலாவ் இண்டாவில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை அவர்கள் வெளியிடுகிறார்கள். மகன் அதைக் கைப்பேசியில் பார்த்து மணி நேரத்தோடு சொல்வான். என் காலண்டரும் அவனுடைய அட்டவணையும் ஒத்துப்போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

தாத்தா ராசிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். சித்திரையில் உழுது போட்டு ஆடியில் விதைக்கும் ஊர்க் கணக்கு அவரோடு கப்பலேறி வந்தது, இங்கே பலிக்கவில்லை. இந்த மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன், ஜூலையிலும் குறையும். அப்பா இதை லயத்துக்குப் பின்னால் வெண்டை போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டார். எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போது அந்தக் கணக்கும் ஆட்டம் கண்டுவிட்டது. 2014 தொடக்கத்தில் வறட்சி வந்து சிலாங்கூரில் தண்ணீரைப் பங்கீடு செய்தார்கள். 2024 தொடக்கத்தில் எல் நினோ வெயிலில் கத்தரிப் பூ பிஞ்சு பிடிக்காமலே உதிர்ந்தது. காயும் என்று நம்பிய மாதத்தில் கொட்டுகிறது, கொட்டும் என்று கான் வெட்டி வைத்தால் மண் வெடிக்கிறது.

சித்திரை வேலை என்றால் எங்களுக்கு முதலில் கான்தான். விடியற்காலை ஐந்தரைக்குச் சாங்கோல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினால், வெயில் ஏறுவதற்குள் சேற்றை வாரி இரு கரையிலும் போட்டுவிடலாம். அந்தச் சேறு வீணில்லை, பாத்தியை உயர்த்த உதவும். இங்கே மண் புளிப்பு. அதனால் சுண்ணாம்பு தூவி ஆறப்போட்டு, அதன் பிறகுதான் கோழி எரு. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் எருவில் உள்ள சத்து ஆவியாகிப் போய்விடும். மூக்கை எரிக்கும் அந்த வாடையே சொல்லும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே பழைய வலையை விரித்துவிடுவேன். இல்லாவிட்டால் நாலு மணி இடிமழை விதையை எல்லாம் பாத்தியின் ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் குவித்துவிடும். வெண்டையை ஒரே நாளில் முழுக்க விதைப்பதை எப்போதோ விட்டாயிற்று. வாரம் விட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். ஒரு பங்கை மழை எடுத்துக்கொண்டாலும் இன்னொரு பங்கு நிற்கும். கத்தரிக்கு வாடல் நோய் வந்தால் மருந்து கிடையாது. அதனால் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டி நடுகிறோம். சுண்டை வேர் ஈரத்தையும் தாங்கும், நோயையும் தாங்கும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து நிலத்து ஜாவாக்காரப் பெரியவர், நான் பாக் சிக் என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் அக்கா. பதிலுக்கு அவர் வீட்டு வேலியோரம் முழுக்க என் முருங்கைப் போத்துதான்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்னால் கிள்ளானின் ஜாலான் தெங்கு கிளானா கடைக்காரர்கள் விடாமல் அழைப்பார்கள். வாழையிலை எத்தனை கட்டு, முருங்கைக்கீரை வருமா, வல்லாரை இருக்கா. காற்று கிழித்த இலையை யாரும் வாங்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது, விருந்தாளிக்குக் கிழிந்த இலையில் சோறு போட முடியாதே.

இந்த வேலைகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. வானத்தோடு போராடுவது விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. எனக்குக் கோபம் வருவது வேறொன்றின் மேல், ஒற்றைத் தாள் அது.

எங்களைப் போல் இந்தப் பகுதியில் பலர் டிஓஎல் நிலத்தில் பயிர் செய்கிறோம். தற்காலிக உரிமம். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, அந்த உரிமம் எந்த மாதம் கிடைத்தாலும் அதே ஆண்டு டிசம்பர் 31க்கு மேல் செல்லாது. மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அதோடு முடிந்தது. எங்கள் உரிமம் என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவருக்கு வயது 68, சர்க்கரை நோய் வேறு. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த மண்ணில் சாங்கோல் பிடித்த எனக்கு ஒரு உரிமையும் இல்லை.

வானிலை மாறினால் விவசாயியும் மாற வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். சரி, மாறுகிறோம். மழைக்கூடாரம் போட வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். வறண்ட மாதத்துக்குக் குளம் தோண்ட வேண்டும், வெள்ள மாதத்துக்குப் பம்ப் வேண்டும். காற்றைத் தடுக்கத் தென்னையோ பலாவோ வரிசையாக நட வேண்டும். இதில் எது ஓராண்டில் பலன் தரும்? கடன் கேட்டுப் போனால் கேட்கும் முதல் கேள்வி நிலம் யார் பெயரில் என்பதுதான். அதனால் நாங்கள் இருபத்தைந்து முப்பது நாளில் பறிக்கும் கீரையையே திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெள்ளத்தில் முதலில் சாகும் பயிரும் அதுதான். ஓராண்டுக்கு மேல் நம்பிக்கை இல்லாதவனுக்கு நிலத்தைச் சுத்தம் செய்ய நெருப்புதான் மலிவான மண்வெட்டி. காய்ந்த சதுப்புக் கரிமண்ணில் அது பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஜொஹான் செத்தியாவின் புகையைச் சுவாசித்தவர்களுக்குத் தெரியும். தீ வைப்பவனைச் சட்டம் தண்டிக்கட்டும். அவன் ஏன் பத்தாண்டுத் திட்டம் போடுவதில்லை என்பதையும் யாராவது கேட்கட்டும்.

இதே சிலாங்கூரில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் விவசாயிகளுக்கு வாய்க்கால் இருக்கிறது, மானியம் இருக்கிறது, பயிர் சேதமானால் தக்காஃபுல் காப்பீடு இருக்கிறது. அவர்கள் மேல் பொறாமை இல்லை, அரிசி வேண்டும். ஆனால் சாம்பாருக்குக் கத்தரிக்காயும் வேண்டுமே.

அரசு என்ன சொல்லும் என்பதும் தெரியும். நாளைக்கு நெடுஞ்சாலை வரலாம், பள்ளிக்கூடம் வரலாம், நிலத்தை நீண்ட காலத்துக்குப் பூட்டிவைக்க முடியாது என்பார்கள். சில பேர் உரிமத்தை வாங்கி இன்னொருவருக்கு உள்வாடகை விடுகிறார்கள் என்பார்கள். இரண்டும் உண்மை. என் கெபுனுக்கு நாலு மைல் தள்ளி முன்பு நார்த் ஹம்மாக் தோட்டம் இருந்தது, இன்று அது செத்தியா ஆலாம். நகரம் வளரும், அதை யாரும் நிறுத்தப் போவதில்லை. ஆனால் பயிர் செய்கிறவருக்குப் பத்தாண்டு குத்தகை கொடுத்து, ஆண்டுக்கொரு முறை வந்து பார்த்து, உள்வாடகை விட்டவரை வெளியேற்றுவதில் என்ன தடை? நிலம் எடுக்க நேர்ந்தால் ஓராண்டு முன்னறிவிப்பும் கூடாரத்துக்கும் மரத்துக்கும் இழப்பீடும் போதும். நிலம் மாநில அரசின் கையில் இருக்கும் அதிகாரம், கூட்டரசைக் கைகாட்டிவிட முடியாது. குத்தகைக்கு நிலம் கொடுக்கச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. குறைந்தபட்சம், உரிமதாரர் இறந்தால் கூடவே உழைத்த மனைவிக்கோ பிள்ளைக்கோ தொடர முதல் வாய்ப்பு என்று ஒரு விதி எழுதட்டும்.

கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் டிஓஎல் நிலத்தில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் வந்த பிறகு வரிசையில் நிற்காதீர்கள். உரிமத்தின் நகலையும் கெபுனின் படங்களையும் எடுத்துக்கொண்டு இப்போதே உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். ஆண்டு இறுதியில் மாநில வரவுசெலவுத் திட்டம் ஷா ஆலாமில் விவாதத்துக்கு வரும்போது, இதைப் பேச அவர் கையில் நூறு பேரின் தாளாவது இருக்கட்டும். பெண்கள் கட்டாயம் போங்கள், உரிமம் பெரும்பாலும் உங்கள் பெயரில் இருக்காது.