அங்கே பார்க்க என்ன இருக்கு?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு இரண்டு முறை சுற்றுலாத் திட்டம் போடுவார்கள். அரைப் பரீட்சை லீவில் ஒன்று, முழுப் பரீட்சை லீவில் ஒன்று. ஆள் மாறினாலும் திட்டம் மாறாது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், அங்கே இரண்டு மணி நேரம், பிறகு நேராகப் புதுச்சேரி. நடுவில் கிடக்கிற ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கடற்கரைக்கு அந்தத் திட்டத்தில் உள்ள பெயர் 'வழியில் டீ'. "மரக்காணத்தில் ஒரு நாள் தங்கலாமே" என்று நான் எழுதினால் உடனே பதில் வரும்: "அங்கே பார்க்க என்ன இருக்கு?"

எனக்கு இந்தக் கேள்வியோடுதான் சண்டை. நான் மரக்காணத்துக்காரன், ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் என் பக்கம் நியாயம் இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் வருகிறது. நல்லூர் நத்தத்தனார், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமியோ வணிகனோ எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, இந்தக் கரையின் துறைமுகங்களாகக் காமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்றைச் சொல்கிறது. முதலாவது காவிரிப்பூம்பட்டினம் என்றும், இரண்டாவது அரிக்கமேடு என்றும், மூன்றாவது நம் ஊர் என்றும் அடையாளம் காட்டுவார்கள். எயில் என்றாலும் மதில், சோ என்றாலும் மதில். இரண்டு பெயரும் ஒரே பட்டினத்துக்குப் பொருந்திப் போகின்றன. மாநிலத் தொல்லியல் துறை இங்கே 2005-06 இல் அகழாய்வும் செய்திருக்கிறது. ஊருக்குள் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சென்னைக்கு வடக்கே 1806 இல் வெட்டத் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய், ஆந்திரக் கரையிலிருந்து நீண்டு வந்து தெற்கே முடிகிற இடமும் மரக்காணம்தான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அந்தக் கால்வாயில்தான் பட்டணம் போயின.

வடக்கே கொஞ்ச தூரத்தில், கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. அங்கே நாணயச் சாலை இருந்தது. ஆலம்பரை வராகன் என்ற காசு ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியில் புழங்கியது. 1750 இல் முசாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறாக அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் துய்ப்ளேக்கு எழுதிக் கொடுத்தார். 1760 இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது. அதாவது, புதுச்சேரியில் நீங்கள் காசு கொடுத்துப் பார்க்கிற பிரெஞ்சுக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம், டீ குடிக்க நிறுத்துகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

"பார்க்க என்ன இருக்கு" என்று கேட்பவர்கள் ஒரு வகை. காரை நிறுத்துகிறவர்கள் இன்னொரு வகை. அவர்களும் என்னிடமிருந்து தப்ப முடியாது. கோட்டைச் சுவரின் மேல் ஏறி நின்று படம் எடுப்பார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் உப்புக்காற்றில் அரிபட்ட செங்கல், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இன்னும் பலவீனமாக நிற்கிறது. ஒரு கால் அழுத்தினால் ஒரு கல் உதிரும். அது யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் எல்லோரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பளத்தில் நடப்பது அதைவிட மோசம். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு என்று மணப்பெண்ணை நீளப் பாவாடையோடு பாத்திக்குள் இறக்கிவிடுகிறார்கள். பின்னணியில் வெள்ளைக் குவியல் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாத்தியின் தளத்தை வருட ஆரம்பத்தில் நாள் கணக்கில் மிதித்துக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். செருப்புக் காலோடு ஒருவர் இறங்கினால் அடியில் இருக்கும் சேறு கிளம்பும். சேறு கலந்தால் உப்பு பழுப்பாகும். பழுத்த உப்புக்கு விலை குறையும். யாருடைய கூலியில் இந்தப் படம் எடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும், தானாகக் கால் வரப்பிலேயே நின்றுவிடும்.

இப்போது அட்லாண்டிக் கரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வட கரோலினா மாநிலத்தின் கடற்கரைக்கு எங்களை அழைத்துப் போனான். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் ஓட்டிய மணல்வெளி அது. அன்று அவர்கள் பறந்தது நான்கு முறை. முதல் முறை 12 விநாடி, 120 அடி. அடுத்தது 175 அடி. பிறகு 200. கடைசியாக 59 விநாடியில் 852 அடி. அந்த விமானம் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சம்பவம் நடந்த தரையில் நிற்பவை, புறப்பட்ட இடத்தில் ஒரு கல், இறங்கிய இடங்களில் நான்கு கற்கள். பக்கத்துக் குன்றின் மேல் ஒரு நினைவுத்தூண். மற்றபடி மணலும் புல்லும் காற்றும்தான்.

அந்தக் கற்களுக்கு நடுவில் குடும்பம் குடும்பமாக நடந்தார்கள். பிள்ளைகள் முதல் கல்வரை 12 விநாடி எண்ணிக்கொண்டே ஓடினார்கள். தாத்தாக்கள் குனிந்து விளக்கம் சொன்னார்கள். என் மகன் அந்த ஒரு நாளுக்காக மூன்று மாதம் முன்பே திட்டம் போட்டிருந்தான். பேரனுக்குப் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைத்திருந்தான். அந்த மணலில் நின்று அவன் "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்கவில்லை. என் கண்ணுக்கு அங்கே தெரிந்தது, ஆலம்பரையில் தெரிவதைவிடக் குறைவு. ஆலம்பரையிலாவது சுவர் நிற்கிறது, உள்ளே நுழைந்து நிழலில் உட்காரலாம். மகன் முன்கூட்டியே படித்திருந்தான், அதனால் வெறும் மணல் அவனுக்குப் பேசியது. நம் கரைக்கு வரும்போது மட்டும் யாரும் எதுவும் படிப்பதில்லை. இடம் தானாக வந்து வேடிக்கை காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

"வெளிநாட்டில் வசதி இருக்கு, பலகை இருக்கு, கழிப்பறை இருக்கு, இங்கே வெயிலும் முள்ளும்தானே" என்பார்கள். அந்தக் குறை நியாயமானதே. கோட்டையில் ஒரு நல்ல கழிப்பறையும், குடிநீரும், எது எந்த நூற்றாண்டுச் சுவர் என்று தமிழில் எழுதிய பலகைகளும் வேண்டும். படகு வீடும் கடலோர விடுதியும் வேண்டாம். ஆனால் பலகை வந்த பிறகுதான் போவேன் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: யாருமே போகாத இடத்துக்குப் பலகை யார் வைப்பார்கள்?

பிள்ளைகளுக்குப் போரடிக்கும் என்பது அடுத்த சாக்கு. போரடிப்பதற்குக் காரணம் இடத்தில் இல்லை, போகிற நேரத்தில் இருக்கிறது. டிசம்பரில் போனால் உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர்தான் நிற்கும், ஒரு கல் உப்பைக்கூடப் பார்க்க முடியாது. மே மாதம் நடுப்பகலில் போனால் கண்ணைத் திறக்க முடியாது, அவ்வளவு வெள்ளை, அவ்வளவு வெயில். பள்ளி லீவுக்காக உப்பு விளையாது. திட்டம் போடுகிறவர்கள் உப்பின் காலண்டரைப் பார்த்துப் போடவேண்டும். என்னைக் கேட்டால், பிப்ரவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு. பனி குறைந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. முதல் உப்பு எடுக்கும் நேரம். கழுவெளி ஏரியில் வலசை வந்த பறவைகளில் ஒரு பகுதி இன்னும் புறப்பட்டிருக்காது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அந்த நீர்ப்பரப்பை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். லீவில்தான் முடியும் என்றால் மே மாதமே வாருங்கள், ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு உப்பளத்தில் இருங்கள். உப்பு வாருகிறவர்களின் வேலை நேரமும் அதுதான். ஒன்பது மணிக்குக் கோயில், சாப்பாடு, தூக்கம். மாலை நான்கு மணிக்குக் கோட்டை. உப்பங்கழி கடலோடு சேரும் இடம் என்பதால் நீரோட்டம் நம்ப முடியாதது, குளிக்க இறங்க வேண்டாம்.

உப்பளத்தில் என்ன செய்வது? வரப்பில் நின்று கூப்பிடுங்கள். "அக்கா, பிள்ளைங்க பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க, வரலாமா?" என்று கேட்டு, வா என்றால் போங்கள். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் முறுக்குகிறார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். அளவுமானியில் ஏறக்குறைய 25 டிகிரி காட்டும்போது உப்பு கட்டத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்க விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும், அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பு வேதியியல் பாடம் முழுவதும் அங்கே வரப்போரமாகக் கிடக்கிறது. சொல்லிக் கொடுக்கிற அக்காவோ, பள்ளிக்கூடம் பாதியில் விட்டவராக இருக்கலாம். அந்த முரணையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பாதமும் கையும் வெடித்திருப்பதைப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் இவர்களுக்கு வேலை கிடையாது, அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய். அதில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். 1805 இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியதையும், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததையும், 1947 இல்தான் உப்பு வரி ஒழிந்ததையும் அங்கே வைத்துச் சொன்னால் மறக்காது. வகுப்பறையில் சொன்னது பரீட்சையோடு போய்விடும்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. "அங்கே ஒன்றும் இல்லை" என்பது குடும்பத்தில் சொல்லும்போது சோம்பேறித்தனம்தான். அதே வாக்கியம் அரசாங்கக் கோப்பில் ஏறினால் நிலைமை வேறு. மும்பையில் தாராவி மறுகுடியமர்த்தலுக்காக 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தர மகாராஷ்டிர அமைச்சரவை 2024 இல் ஒப்புதல் கொடுத்தது. குடிசைவாசிகளுக்கு வீடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களுக்கென்று நிலம் தேடும்போது கண்ணில் பட்டது ஏன் உப்பளம் என்பதை யோசித்துப் பாருங்கள். நகரத்துக்காரர்களின் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் தரை. யாரும் வந்து பார்க்காத, யாரும் கதை சொல்லாத நிலம்தான் முதலில் கைமாறும். மரக்காணத்து உப்பளத்துக்கும் சென்னைக்கும் நடுவில் இருப்பது இரண்டரை மணி நேரச் சாலை மட்டுமே.

ஆற்றுப்படை என்பதே வழிகாட்டும் பாட்டு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சிறுபாணாற்றுப்படையை ஒரு பயணத் திட்டமாகப் படித்துப் பாருங்கள். சுற்றத்தோடு பசியாக நடக்கிற பாணனுக்கு, எயிற்பட்டினத்துப் பரதவர் என்ன தருவார்கள், வேலூர் எயினர் என்ன சமைப்பார்கள், ஆமூர் உழவர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்கிறார் புலவர். எந்த ஊரிலும் யாரைச் சந்திப்பாய் என்பது அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. உப்பு வணிகரான உமணர் பிள்ளைகளோடு குரங்கு ஒன்று கிலுகிலுப்பை ஆடியதைக்கூட அவர் விடவில்லை.

எங்கள் குழுவில் அடுத்த திட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரி கடைசி சனிக்கிழமை என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். மருமகள் மட்டும் "பிள்ளைங்களுக்கு என்ன செருப்பு எடுத்து வரணும் மாமா?" என்று கேட்டிருக்கிறாள். செருப்பு வரப்பு வரைக்கும்தான் அம்மா, பாத்திப் பக்கம் வெறுங்கால் என்று பதில் போட்டேன்.