நல்ல முயற்சி!

எங்களுடையது சின்ன நாடகக் குழு. வங்கியில், தாலுகா ஆபீசில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். எனக்கு நடிப்பு வராது என்று குழுவில் ஒருமனதாக முடிவாகிவிட்டதால், பிராம்ப்ட்டர் வேலை என்னுடையது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் வசன நோட்டு, கையில் பென் டார்ச். யாராவது வசனத்தை மறந்தால் முதல் இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும். முன்வரிசைகள் முழுசாகத் தெரியும். அதனால் எங்கள் நாடகங்களைப் பார்த்ததைவிட, அவற்றைப் பார்க்கிறவர்களைப் பார்த்ததுதான் எனக்கு அதிகம்.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து கை கொடுக்கிறவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. "இவ்வளவு வசனத்தையும் எப்படி மனப்பாடம் பண்ணினீங்க?" என்று கேட்டால், பாராட்டுவதற்கு வேறு எதுவும் அகப்படவில்லை என்று பொருள். "செட்டு பிரமாதம்" என்றால் கதை பிடிபடவில்லை. "இந்தக் காலத்துல யாரு சார் நாடகமெல்லாம் போடறா!" என்பதைப் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் உச்சம் "நல்ல முயற்சி". தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு செருப்பைத் தேடிப் போகிறவரிடம் வேறெதுவும் கேட்டுப் பயனில்லை.

அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் யாருக்காவது மச்சினன், யாருக்காவது மாமியார், யாருக்காவது மேனேஜர். மறுநாள் காலையில் பால் பூத்தில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். "ரெண்டாவது பாதி இழுவை" என்று சொல்லிவிட்டு எந்த மச்சினன் தீபாவளிக்கு வீட்டுக்கு வருவான்?

போன நாடகம் பாகப்பிரிவினையைப் பற்றியது. அம்மா இறந்த பிறகு இரண்டு அண்ணன், ஒரு தங்கை, ஒரு வீடு. பெரிய அண்ணனாக நடித்தவர் நிஜத்தில் ஒரு வங்கிக் கிளையில் கேஷியர். கிழிந்த நோட்டை வாங்கினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை ஊரில் எல்லோருக்கும் பழக்கம். நாடகத்தின் ரொம்ப சோகமான காட்சி, அம்மா எழுதிவைத்த கடிதத்தை அவர் படிப்பது. மனிதர் கண்ணாடியை ஏற்றினார், கடிதத்தை விளக்குக்கு நேரே தூக்கினார். அவ்வளவுதான், மண்டபம் குலுங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், மாத்தித் தருவீங்களா?" பாவம், அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. பக்கத்திலிருந்த எனக்குத் தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை.

அமெச்சூர் நாடகத்துக்கென்றே இருக்கிற சங்கடம் இது. சினிமா நடிகரை ஊர் பாத்திரமாகத்தான் முதலில் பார்க்கிறது. எங்கள் நடிகரை ஊர் முதலில் கேஷியராகப் பார்த்திருக்கிறது. அவர் அழ வேண்டுமென்றால் முதலில் அந்தக் கேஷியரை மேடையிலிருந்து இறக்கி அனுப்ப வேண்டும். அது ஒத்திகையில் நடக்கிற காரியமில்லை. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

வாய் சொல்வது இப்படி என்றால், இருட்டில் உடம்பு சொல்வது வேறு. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு சொன்னார். கொட்டாவியை விட்டுவிட்டார். அவர் காலத்தில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்திருந்தால் அதன் கிறீச்சையும் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒருவர் இருமினால் சளி. நாலு பேர் அடுத்தடுத்து இருமினால் காட்சி நீளம். மொபைல் வெளிச்சம் மோவாயில் படுவதை வைத்தே எந்தப் பக்கத்தில் எத்தனை வரி வெட்ட வேண்டுமென்று நோட்டில் பென்சிலால் குறித்துவிடுவேன். எங்கள் டைரக்டருக்கு அந்தப் பென்சிலைக் கண்டால் ஆகாது.

சிரிப்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சபா நாடகக்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். சிரிப்பு எழும்பும்போது நடிகர் காத்திருக்க வேண்டும். முழுசாக அடங்கும் வரை காத்திருந்தால் காட்சி விழுந்துவிடும். இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனத்தைப் பிடிக்க வேண்டும். கிரேஸி மோகன் நாடகங்களில் ஒரு சிரிப்பு ஓய்வதற்குள் அடுத்தது வந்து விழும். அந்தச் சத்தத்தில் விட்டுப்போன ஜோக்குக்காகவே மறுபடி வந்தவர்கள் எனக்குத் தெரியும். சபாக் கூட்டத்துக்குச் சிரிக்க மட்டும்தான் தெரியும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொட்டுத் தண்ணீருக்கு அல்லாடும் அத்திப்பட்டி என்ற ஊரின் கதையை, கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகமாக, 1980-இல் பட்டணத்துச் சபாக்களில் உட்கார்ந்து பார்த்ததும் அதே மாதிரிக் கூட்டம்தான். அடுத்த வருஷம் கே.பாலசந்தர் அதைப் படமாக்கினார்.

பாகப்பிரிவினை நாடகத்துக்கு வருகிறேன். கடைசிக்கு முந்தைய காட்சியில் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவார்கள். "உனக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சேம்மா" என்று சின்ன அண்ணன் பேனாவைக் கொடுப்பான். என் நோட்டில் அந்த இடத்தில் வசனம் கிடையாது. "கையெழுத்திடுகிறாள்" என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். தங்கையாக நடித்த டீச்சர் பேனாவைத் திறந்தார். முன்வரிசையில், சுவரோரம், மடியில் ஒயர்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தே நின்றுவிட்டார்.

"போடாதேடி! நான் போட்டுட்டுத்தான் இன்னிக்கு இப்படி நிக்கிறேன்!"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலி கூட அசையவில்லை. டீச்சரின் கை பத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. எனக்கு எடுத்துக் கொடுக்க வசனம் இல்லை. சின்ன அண்ணனாக நடித்த மளிகைக்கடைக்காரர், என்ன தோன்றியதோ, பேனாவைப் பிடித்திருந்த அவர் விரல்களின் மேல் தன் கையை வைத்தார். ஒத்திகையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. தங்கை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள், பாட்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். பாட்டி உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு முடிகிறவரைக்கும் ஒரு இருமல் கேட்கவில்லை.

அந்தப் பாட்டி மேடைக்குப் பின்னால் வரவில்லை. யாருக்குச் சொந்தம் என்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே குழுவில் பெரிய சண்டை. "ரசபாசம் ஆயிடுச்சு. முன்வரிசையில யாரை உக்கார வைக்கறதுன்னு இனிமே பாக்கணும்" என்றார் டைரக்டர். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் சார் நடிச்சேன்" என்றார் டீச்சர். நான் டீச்சர் கட்சி. டைரக்டர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. எல்லோரும் எழுந்து பேசினால் நாடகம் பட்டிமன்றம் ஆகிவிடும். ஆனால் நம் ஊரில் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டது சமீபத்திய வழக்கம்தான். கூத்தில் கட்டியக்காரன் பாதி நேரம் கூட்டத்தோடுதான் பேசுகிறான். துரியோதனன் படுகளத்தன்று ஊரே கூத்துக்குள் வந்துவிடுகிறது. எம்.ஆர்.ராதா கூட்டத்திலிருந்து வருகிற கூச்சலுக்கு மேடையிலிருந்தே பதில் கொடுத்து, அதையே அன்றைய நாடகத்தின் பகுதியாக்கியவர்.

அவரை மனதில் வைத்துத்தான் 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது என்று சொல்வார்கள். நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசாரிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆக, தமிழ்நாட்டில் வெகுகாலம் ஒவ்வொரு நாடகத்துக்கும் முதல் ரசிகர் காவல்துறையில்தான் இருந்தார். பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டார். 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. ஒரு சின்னக் குழுக்காரர் செய்த பெரிய காரியம் இது. இன்று நாடகம் போடுகிற பலருக்கே தெரியாது.

தமிழ் அமெச்சூர் நாடகத்தின் தொடக்கமே ஒரு பார்வையாளரின் எதிர்வினைதான் என்பதையும் சொல்ல வேண்டும். பம்மல் சம்பந்த முதலியாருக்கு இளம் வயதில் தமிழ் நாடகம் என்றாலே இளக்காரம். 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார்கள். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் மேடையேறி நடித்ததைப் பதினெட்டு வயதுப் பிள்ளை உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் நண்பர்களைச் சேர்த்து சுகுண விலாச சபாவை ஆரம்பித்துவிட்டார். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அன்றைக்கு அவர் மேடைக்குப் பின்னால் போய் "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் 'மனோகரா'வும் இல்லை, 'சபாபதி'யும் இல்லை.

எங்கள் நாடகத்தைப் பிறகு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் போட்டோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. முதல் கால்மணி நேரம் கூட்டம் உறைந்து கிடந்தது. வழக்கமாகச் சிரிப்பு விழுகிற இடத்திலெல்லாம் மின்விசிறிச் சத்தம் மட்டும். கேஷியருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் அவர் கண்ணாடியை ஏற்றிக் கடிதத்தைத் தூக்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அவர் வெறும் பெரிய அண்ணன்தான். அன்றைக்கு முதல்முறையாக அந்தக் காட்சி, எழுதினபடி நடந்தது.

முடிந்த பிறகு கலந்துரையாடல் என்று வைத்திருந்தார்கள். அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மைக்கைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் தன் நாடகத்தைப் பற்றிப் பேசவே வருகிறார். அன்றும் இருவர் அப்படியே பேசினார்கள். அதெல்லாம் முடிந்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கடைசிவரை வாசல்படியில் நின்றபடியே பார்த்த ஒருவர் டீச்சரிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணு அப்புறம் கேஸ் போட்டுச்சாம்மா?"

நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாலுகா ஆபீசில் இருக்கிற எங்கள் டைரக்டர் மேக்கப் கலைக்காமலே அவரை ஓரமாக உட்கார வைத்து, பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு என்று 1989-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததையும், 2005-இல் மத்திய அரசின் சட்டம் வந்ததையும், கையெழுத்துப் போட்டுவிட்டால் எது சிக்கலாகும் என்பதையும் விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் தன் தங்கைக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரா என்று தெரியவில்லை. அண்ணன்மார்களும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எதற்காகக் கேட்டிருந்தாலும், கதையில் வருகிற பெண்ணுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டுவிட்டால் எங்களுக்கு அதற்கு மேல் விமர்சனம் வேண்டாம்.

இதில் எங்கள் பக்கம் திருத்த வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இலவச பாஸ். பாஸில் வருகிறவர் விருந்தாளி. விருந்தாளி சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல மாட்டார். டிக்கெட் வாங்கினவருக்குத்தான் திட்டுகிற உரிமை வருகிறது. காசு கேட்டால் கூட்டம் பாதியாகும் என்று குழுவில் பயம். ஆகட்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ரொம்ப நாள் இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த நாடகம் தை மாதம். டிக்கெட் நூறு ரூபாய், சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது ஒரு குழு எங்கேயாவது ஒரு சின்ன மண்டபத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருக்கும். காசு கொடுத்துப் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள் என்பதை மட்டும் தயவுசெய்து பிராம்ப்ட்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.