ஆய்வுக்கூடம் இருக்க மரம் எதற்கு?

மருந்துச் சரக்கை ஆய்வுக்கூடமே செய்துவிடும், கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி விவசாயிக்கு மருந்து மரம் எதற்கு என்கிறார்கள். சான்றுகள் வேறு சொல்கின்றன. மலேரியா மருந்தான கொயினாவைச் செயற்கையாக ஆக்கும் வழியை உட்வர்டும் டோரிங்கும் 1944-இலேயே வெளியிட்டார்கள். இன்றும் அது சின்கோனா பட்டையிலிருந்துதான் வருகிறது. புற்றுநோய் மருந்தான டாக்ஸாலை 1994-இல் முழுக்கச் செயற்கையாக உருவாக்கினார்கள். ஆனாலும் தொழிற்சாலைகள் நம்புவது யூ மரத்தின் இலையையும் அதன் செல் வளர்ப்பையும்தான். பல படிகளில் மூலக்கூறைக் கட்டும்போது படிக்குப் படி விளைச்சல் குறைகிறது, செலவு ஏறுகிறது. மரமோ வெயிலிலும் மழையிலும் அதைச் செய்து முடிக்கிறது. வளர்க்காமல் விட்டால் காட்டைத்தான் வெட்டுவார்கள்: புற்றுநோய் மருந்துக்கான கேம்ப்டோதெசின் சரக்குக்காக மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டஸ் மரங்கள் அப்படித்தான் குறைந்தன.

நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டங்கள் நலியவில்லையா என்று கேட்கலாம். நலிந்தன, செயற்கை மலேரியா மருந்துகள் வந்ததும் தேவை சரிந்தது. ஆனால் அது ஒரே மரத்தையும் ஒரே நோயையும் நம்பியதால் வந்த வினை. கொல்லிமலையில் மிளகுக்கும் காப்பிக்கும் இடையே மருந்து மரங்களைக் கலந்து நட்டால், ஒன்றின் விலை விழும்போது மற்றது தாங்கும். கொள்முதல் உறுதி இல்லாமல் கன்றை விவசாயியின் கையில் திணிப்பது அநியாயம்தான். அதற்கு உறுதியை எழுத்தில் கேட்க வேண்டுமே தவிர, மரமே வேண்டாம் என்பது விவேகமல்ல.