ஊர் சுற்றாத விடுமுறை

பொங்கல் கழிந்த மறுநாள் காலை நண்பர் ஒருவர் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காப்பியைக்கூடத் தொடாமல் பெருமூச்சு விட்டார். அவருடைய மூத்த புதல்வி ஜெர்மனி தேசத்தில், கோட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலையில் கணிதம் படித்து வருகிறாள். பள்ளியில் நம்மிடம் கணக்குக் கற்றவள்.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டோம்.

"உடம்பெல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறதாம், ஸார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுமுறை. கூடப் படிக்கிறவர்கள் பாரிஸ், ரோம், பிராக் என்று கிளம்பிப் போய்விட்டார்கள். இவள் அறையிலேயே படுத்துத் தூங்கினாளாம்! ஐரோப்பாவுக்குப் போய்த் தூங்குவதற்கா நான் கடன் வாங்கினேன்? எதிர்வீட்டுப் பையன் தினம் ஒரு கோபுரத்தின் முன்னால் நின்று படம் அனுப்புகிறான். நீங்கள் நாலு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பாள்" என்றார்.

உண்மையை ஒளிப்பானேன்? அன்று நாமும் நண்பருடைய கட்சியில்தான் இருந்தோம். ஜெர்மனியில் வசிக்க அநுமதி பெற்றவர்கள், ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற 28 தேசங்களுக்கும் வேறு விசா இல்லாமலே போய் வரலாம். இப்படிப்பட்ட வாய்ப்பைத் தூங்கிக் கழிக்கலாமா என்று நமக்கும் தோன்றிற்று. ஆகவே, உபாத்தியாயருக்கே உரிய உற்சாகத்துடன் நீண்ட கடிதம் ஒன்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பினோம். உலகத்தைப் பார்ப்பதும் கல்வியே என்று அதில் உபதேசம் செய்திருந்தோம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. படித்ததும் நம் உபதேசம் நமக்கே கசந்தது.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒரு வருஷச் செலவுக்கான பணம் தங்களிடம் இருப்பதை முன்கூட்டியே காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. பெரும்பாலோர் அதை ஒரு தனிக் கணக்கில் போட்டுவைக்கிறார்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. வாடகையும் வைத்திய இன்ஷ்யூரன்ஸும் போக மீதியில் காலம் தள்ளவேண்டும். தகப்பனாரை மேலும் வருத்த மனமில்லாமல், இந்தப் பெண் வாரத்தில் மூன்று மாலை ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் துலக்கி வந்திருக்கிறாள். பகலெல்லாம் விரிவுரை, நள்ளிரவு வரையில் கணக்கு.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியவள் அப்படியே உறங்கிப்போனாளாம். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் தட்டி எழுப்பினார். இறங்கி, அங்கிருந்த பெஞ்சியில் உட்கார்ந்து, காரணம் தெரியாமலே வெகுநேரம் அழுதாளாம். "அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை, ஸார். பிப்ரவரியில் பரீக்ஷை. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை. அதனால்தான் தூங்கினேன்" என்று எழுதியிருந்தாள்.

மூன்று நாள் தூங்கினாளாம். நாலாம் நாள் ரசம் வைத்துச் சாப்பிட்டாளாம். அப்புறம் தினந்தோறும் கோட்டை மேட்டில் நடந்தாளாம். அவ்வூரின் பழைய பகுதியைச் சுற்றி ஒரு மண்மேடு உண்டு. பகைவரைத் தடுக்க எழுப்பிய அந்த மேட்டை நகரத்தார் வெகு காலத்துக்கு முன்பே உலாவும் பாதையாக்கிவிட்டார்கள். இருபுறமும் லிண்டன் மரங்கள். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். மூன்று மாதமாக அந்த ஊரில் இருந்தும், அதுவரை ஒரு முறைகூட அவள் அதன்மேல் ஏறியதில்லை!

அந்த மேட்டுக்கு அருகே பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கணித மேதை கார்ல் பிரெடரிக் காஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1807 முதல் 1855-ல் காலமாகும் வரையில் அவர் வாழ்ந்த ஊர் அது. "ஒன்றிலிருந்து நூறு வரை எண்களை அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே நொடியில் கூட்டினார் என்று ஏழாம் வகுப்பில் கதை சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா, ஸார்? அங்கே போய்ச் சற்று நேரம் நின்றேன்" என்று எழுதியிருந்தாள். இதைப் படித்தபோது நம் கண்கள் ஈரமாயின.

ஓய்வை அந்தத் தேசத்தார் சோம்பேறித்தனமாக எண்ணுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களும் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் மனத்தை உயர்த்திக்கொள்வதற்கும் உரியவை என்று 1919-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949-ல் புதிய சட்டம் செய்தபோதும் அந்த விதியை விடாமல் சேர்த்துக்கொண்டார்கள். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும்.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்குச் சென்ற காந்தியடிகள், வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டு, பத்து மைல் நடந்தார். தம்மை நோயின்றிக் காத்தது அந்த நடையே என்று சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார்.

யாத்திரை கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் பஸ்ஸில் சுற்றி வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கோயிலில் செருப்பைத் தொலைத்தோம் என்பதுதான் நினைவிருக்கும். பத்து நாளில் ஏழு நகரம் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். உடம்பும் பையும் இடங்கொடுக்கும்போது பாரிஸுக்குப் போகட்டும். பாரிஸ் எங்கும் ஓடிவிடாது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு மறு கடிதம் எழுதினோம். அவள் சம்மதம் பெற்ற பிறகே நண்பரிடம் விஷயத்தைச் சொன்னோம். இருவர் அநுமதியுடனும் இங்கே எழுதுகிறோம். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "அழுதாளா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை கடைத்தெருவில் அவரைச் சந்தித்தோம். "நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் அவளோடு பேசினேன், ஸார். எந்த ஊருக்குப் போனாய் என்று கேட்கவே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றுதான் கேட்டேன்" என்றார்.

பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் நேயர்கள் அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, முதலில் அந்தக் கேள்வியையே கேட்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.