செலரித் தண்டு, தண்டே அல்ல

போன வாரம் பேத்தியின் பள்ளியிலிருந்து ஒரு கட்டளை வந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு செலரி கொண்டுவர வேண்டுமாம். செடி தண்ணீரை மேலே ஏற்றுவதைக் காட்டும் சோதனை. மகன் மூன்று கடை ஏறி இறங்கி, குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடந்த ஒரு கட்டை வாங்கி வந்தான். வாசலில் காசித்தும்பை பாட்டுக்குப் பூத்து நிற்கிறது!

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பாடப்புத்தகம் பிரான்சிலிருந்து வரும். அதில் இருந்த செலரியையும் பனியையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. எங்கள் முசியே அதற்காகப் பாடத்தை நிறுத்தவில்லை. தோட்டத்தில் ஒரு காசித்தும்பைக் கிளையை ஒடித்துச் சிவப்பு மைத்தண்ணீரில் நிறுத்தினார். அதன் தண்டு கண்ணாடி மாதிரி. சிவப்புக் கோடு ஏறுவது வெளியிலிருந்தே தெரிந்தது.

செலரியில் நாம் தின்பது தண்டே அல்ல, இலைக்காம்பு. உண்மையான தண்டு அடியில் குட்டையாக ஒளிந்திருக்கும். பேத்தி நான் சொன்னபடி 'இலைக்காம்பு' என்று எழுதினாள். அடித்துவிட்டு 'தண்டு' என்று திருத்தி அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். பல்லில் மாட்டும் நார்தான் தண்ணீர்க் குழாய் என்று வேறு பாடம்! அந்த நார் காம்பை நிமிர்த்திப் பிடிப்பது. தண்ணீர் ஏறும் சைலம் அதற்கு உள்ளே இருக்கிறது.

செலரிமேல் எனக்குப் பகை இல்லை. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கினால்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு சூப்பே தொடங்கும். கொத்தமல்லிக்கு உறவுக்காரச் செடிதான், ஆனால் குளிர் வேண்டும். ஊட்டியில் வரும். மொட்டை மாடியில் நான் வளர்த்தது ஏப்ரல் வெயிலில் விரல் தடிமன்கூட வராமல் வேப்பிலையாகக் கசந்தது.

சோதனைக்கு வேண்டியது ஒரே ஒரு காம்பு. எங்கள் வீட்டில் மிச்சக் கட்டு சூப்புக்குப் போயிற்று. மற்ற வீடுகளில்?

இதெல்லாம்கூடப் போகட்டும். செலரி கொண்டுவராத இரண்டு பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொன்னார்களாம். அதில் ஒருத்தியின் அம்மா எங்கள் தெருவில் பூக்கட்டி விற்பவர். "அவ வீட்டுலயும் காசித்தும்பை இருக்கு தாத்தா" என்றாள் பேத்தி.

திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன். ஒரு பாட்டில் சிவப்பு மையும் வாங்கி வைத்திருக்கிறேன்.